கொடிமரம் ஏறிய மாப்பிள்ளை

"பிஷப்பு ஆயரு சரின்னாதான் எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்னு கெடந்தேன்க்கா. லெட்டரு வந்துடுச்சு." வண்ணாரப்பேட்டையில் புடவைப் பைகளோடு எண்ணூர் பஸ் ஏறிய பெண், பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"மாப்ள இந்துவாச்சே. எப்டி ஒத்துக்கினாரு?"

"நம்ம சர்ச்சு பங்கு சாமியாரு ஆயருக்கு எழுதுன லெட்டரு அப்டி. 'பையன் வேற மதம்தான். ஆனா வருசா வருசம் திருவிழாவுக்கு நம்ம கொடிமரத்துல ஏறி கயிறு மாட்டறது அவன்தான்'னு எழுதிகிறாரு."

"அவன் பக்தியிலயா ஏறுனான்? கீழ உம் பொண்ணு நின்னுகினு கீறான்னு ஏறுனான்."

"அத்த மட்டும் சாமியாரு எழுதல. அந்த மவராசன் நல்லா இருக்கணும்."

"ஆயரு இன்னா எழுதுனாரு?"

"'அனுமதி தந்தாச்சு. கல்யாணத்துக்கு அப்புறமும் பையன் ஏறுவானா?'ன்னு கேட்டுகிறாரு."

"அவருக்கும் தெரிஞ்சுபோச்சுடி."

"தெரிஞ்சும் கையெழுத்து போட்டாரே, அவரும் நல்லா இருக்கட்டும்."