கடைசி வரிசைக் காது

டீ ரொம்பச் சூடாக இருக்கிறது, ஆற்றிக் குடியுங்கள். உதடு சுட்டுவிட்டால் இரண்டு நாளைக்கு எதுவும் ருசிக்காது. ஊதுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான், உதட்டின் அருமை தெரியும்.

ஆஃபிக்ளைடைப் பற்றிக் கேட்டீர்கள். பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறதே, அதுதான். பெரிய பித்தளைக் குழாயை மடித்து, சாக்சபோனுக்கு இருப்பது போல விரலால் அழுத்துகிற சாவிகள் வைத்திருப்பார்கள். டியூபா வந்த பிறகு இதை ஓரங்கட்டிவிட்டார்கள். எங்கள் குழு பழைய கருவிகளை வைத்தே வாசிக்கிற குழு, அதனால் எங்களிடம் ஒன்று இருக்கிறது. செல்லப் பெயர் யானைக்குட்டி. கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. யானைக்குட்டியை ஊதியது என் தங்கை.

இதற்கு மவுத்பீஸ், அதாவது உதட்டில் வைத்து ஊதுகிற முனை, தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இப்போது கடையில் கிடைக்கிற அளவுகள் சரியாகப் பொருந்தாது. அதைவிடப் பெரிய சங்கடம், ஊதுகிறவருக்குத் தன் நாதம் சரியாகக் கேட்காது. பல் வழியாகவும் எலும்பு வழியாகவும் அவருக்குக் கேட்பது வேறு, அரங்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது வேறு. அதனால் நம்பிக்கையான ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக மாட்டி ஊதிக் காட்டுவார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான். என் தங்கைக்கு அந்தக் காது நான்.

மூன்று மவுத்பீஸ் வைத்திருந்தோம். முதலாவது அகலமான விளிம்பு, உதட்டுக்கு மெத்தை மாதிரி. ஆனால் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவது போலச் சத்தம் வந்தது. இரண்டாவது, கருவியோடு பெட்டியில் வந்த பழையது. ஆழமான குழிவு, உருண்ட விளிம்பு. அதை அவள் ஊதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். மூன்றாவது நான் தேடிப் பிடித்து வாங்கியது. மெல்லிய வளையல் மாதிரி விளிம்பு. அதை வைத்து அழுத்தினால் உதட்டுச் சதை நசுங்கும்.

மேடையிலிருந்து கேட்டாள். "அக்கா, எது?"

"மூணாவது."

"நெஜமாவா? குத்துதுக்கா."

"மொதல்ல குத்தும், போகப்போகப் பழகிடும். இங்க வந்து கேட்டுப் பாரு, எனக்குப் புல்லரிக்குது."

மவுத்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நீ சொன்னா சரிதான்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கைக்கும் அதேதான். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் பல்லைப் பார்க்கிறீர்கள், பரவாயில்லை. முன்பல் இரண்டும் கட்டியவை. சின்ன வயதில் நான் ட்ரம்பெட் ஊதினேன், அவளைவிட நன்றாகவே ஊதினேன். ஒருநாள் கதவுக்கு எதிரே நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இவள் வெளியிலிருந்து ஓடிவந்து கதவைத் தள்ளினாள். கதவு ட்ரம்பெட்டில் இடித்தது, ட்ரம்பெட் என் பல்லில் இடித்தது. வாயெல்லாம் ரத்தம். அம்மா என்னைத்தான் அடக்கினாள். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டா. பெரியவ நீதான் பொறுத்துப் போகணும். பொறுத்தார் பூமி ஆள்வார்."

எனக்குப் பூமி வேண்டாம், ட்ரம்பெட் போதும் என்றேன். கட்டுப்பல் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா மவுத்பீஸிலிருந்த ரத்தத்தைக் கழுவித் துடைத்து, ட்ரம்பெட்டைத் தங்கை கையில் கொடுத்தார். என் ரத்தம், ஐயா.

கோபமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், கோபம்தான். நான் கத்துகிற ஆளில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் தினமும் பல் தேய்த்தேன். அவள் கச்சேரிக்கெல்லாம் போய்க் கை தட்டினேன். அவளைப் பாராட்ட வருகிறவர்கள் என்னிடம் திரும்பி, "நீங்களும் ஊதுவீங்களா?" என்பார்கள். அவள் முந்திக்கொள்வாள். "அக்காவுக்கு அதுல இன்ட்ரஸ்ட் இல்ல." எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாள். பல்லை உடைத்ததை மறந்தவளைக்கூட மன்னிக்கலாம். எனக்கு ஆசையே இருந்ததில்லை என்று சொல்கிறவளை எப்படி மன்னிப்பது?

மூன்றாவதை ஊத ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே உதடு மரத்துப்போகிறது என்றாள். ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். சில நாள் ஓய்வு எடுக்கட்டுமா என்றாள். இப்போது எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். "குத்துறது கூடிக்கிட்டே போகுதுக்கா, பழகவே மாட்டேங்குது" என்றாள்.

பழகாது. உங்கள் ஸ்டேஷனிலிருந்து மவுத்பீஸை ஆய்வுக்கு அனுப்பினீர்களாம், உள்விளிம்பில் சாணைக்கல் தடம் இருக்கிறதாம். இருக்கும். கழுவ என்னிடம்தான் தருவாள். தரும்போதெல்லாம் எண்ணெய் விட்டுக் கல்லால் லேசாக ஒரு தேய்ப்பு, விளிம்பு கூராகிக்கொண்டே வரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். விரலால் தடவினால்கூடத் தெரியாது. உதட்டுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கடைசிக் கச்சேரியின் முடிவில் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதன் நடுவில் சத்தம் நின்றது. மேலுதட்டுத் தசை உள்ளுக்குள் கிழிந்துவிட்டது. நான் கடைசி வரிசையில் இருந்தேன், தெளிவாகக் கேட்டது.

தைத்துவிட்டார்கள். இனி ஊத முடியாது என்கிறார் டாக்டர். பேச்சும் குழறுகிறது. எதைக் குடித்தாலும் ஓரத்தில் வழிகிறது. நான்தான் ஸ்பூனில் ஊட்டுகிறேன், நான்தான் துடைத்துவிடுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

நேற்று சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழறிக் குழறித்தான் சொன்னாள், உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

"அக்கா, எனக்கு ரெண்டாவதுதான் நல்லா இருந்துச்சு. அன்னிக்கு மேடையிலயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ புல்லரிக்குதுன்னு சொன்னியே. நான் ஊதி நீ சந்தோஷப்பட்டு ஒரு நாளும் பார்த்ததில்ல. உன் பல்ல நான்தானே உடைச்சேன். அத மத்தவங்க கேட்டா உனக்கு வலிக்குமேன்னுதான் இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லிட்டிருந்தேன். உனக்குப் பிடிச்சத ஒண்ணாவது ஊதணும்னு இருந்துச்சு."

நான் மீதி சூப்பையும் ஊட்டி முடித்தேன். ஆறிப்போனால் அவளுக்குப் பிடிக்காது.

அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், ஐயா. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் பல்லும் நினைவிருக்கிறது, எது நல்ல மவுத்பீஸ் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மூன்றாவதை எடுத்து ஊதியிருக்கிறாள். இதில் என் மேல் என்ன தப்பு இருக்கிறது? அன்றைக்குக் கதவைத் தள்ளியது அவள், உதட்டில் வைத்து அழுத்தியதும் அவள். நான் கடைசி வரிசையில் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்.