ஒரே நாளில் பத்தொன்பது ராஜினாமா

– தறிய நிறுத்தச் சொல்லு தனப்பிரியா. நான் பேசறது ஒரு சொல்லு விடாம உனக்குக் கேக்கோணும்.

– நிறுத்தியாச்சுங்கக்கா. எங்க ஊட்டுக்காரரு அக்கட்டால போயிட்டாரு. உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்.

– உன்ற ஊட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம். ஆறு வருசம் உங்க பள்ளிக்கூடத்து ரெண்டாம் நம்பர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவ நானு. புள்ளைங்க வாந்தி எடுத்தாக் கழுவி, தூங்குனாத் தோள்ல சாச்சு, ஊடு ஊடாக் கொண்டுபோய் விட்டேன். இந்த ராசாத்தி தானா வேலைய விட்டுப் போயிட்டான்னு எழுதியிருக்கறீங்க. கூசலையா?

– நான் எழுதலீங்கக்கா. ஸ்கூல்ல…

– ஸ்கூல்னா ஆரு? செவுரா, கதவா? அங்க ஆபீஸ் கிளார்க்கு நீயா, நானா?

– நாந்தானுங்க.

– இஎஸ்ஐ ஆபீசுக்கு மூணு நடை போயிட்டேன். ஆறு வருசம் சம்பளத்துல இஎஸ்ஐக்குன்னு புடிச்சீங்களே, அதுல வேலை போனவிகளுக்கு மூணு மாசம் பாதிச் சம்பளம் தருவாங்கன்னு பஸ்ஸுல பக்கத்துல உக்காந்த பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். கம்ப்யூட்டர் கடையில மனுப் போட்டேன். ஆதாரு குடுத்தேன், பேங்க் புத்தகம் குடுத்தேன். எல்லாம் சரின்னாங்க. நேத்துப் போனா, ஆபீசரு ஒரு கடுதாசியக் காட்டறாரு. “நீங்களே சொந்தக் காரணத்துக்காக வேலைய விட்டு நின்னுருக்கறீங்களேம்மா. நின்னுக்கிட்டவங்களுக்கு இது கெடையாது”ங்கறாரு. அடியில பார்த்தா என்ற கையெழுத்து.

– உங்க கையெழுத்துதானுங்களா?

– பேச்சப் பாரு. என்ற கையெழுத்துதான். போன வருசம் ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு, யூனிபாரம் சீலையோட சேர்த்து ஒரு பேப்பர நீட்டுனது ஆரு? “இதுல போட்டாத்தானுங்கக்கா சீலை”ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது ஆரு?

– நாந்தானுங்க. வருசாவருசம் அப்படித்தானுங்கக்கா வாங்குவாங்க. ராஜினாமாக் கடுதாசி, தேதி மட்டும் இருக்காது. அடுத்த ஜூன்ல திரும்பக் கூப்பிட்டா, பழசக் கிழிச்சுப்போட்டுப் புதுசு வாங்கிக்குவாங்க. கூப்பிடலீன்னா…

– கூப்பிடலீன்னா?

– தேதியப் போட்டுருவாங்க.

– எங்களப் போகச் சொல்லோணும்னா நேராச் சொல்லிப்போட்டுப் போறது. எதுக்கு இந்தக் கள்ளத்தனம்?

– அது எப்படின்னாங்கக்கா, ஸ்கூலே ஆளக் கொறைச்சுதுன்னு எழுதுனா முன்கூட்டி நோட்டீசு குடுக்கோணும், நஷ்டஈடு குடுக்கோணும். ஆளே நின்னுக்கிச்சுன்னா ஒண்ணுங் கெடையாது. இந்த வருசம் ஹாஸ்டல மூடி, நாலு பஸ்ஸையும் வித்துப்போட்டாங்க. மேனேஜரு அந்தக் கடுதாசிக் கட்டக் கொண்டாந்து என்ற மேசையில போட்டு, “எல்லாத்துலயும் ஏப்ரல் முப்பதுன்னு எழுது”ன்னாரு.

– எழுதுன.

– எழுதுனனுங்க.

– சமையலுக்கு இருந்த சுப்பம்மாளுக்குச் சொந்தக் காரணம். டிரைவர் சென்றாயனுக்குச் சொந்தக் காரணம். எனக்குச் சொந்தக் காரணம். பத்தொம்போது பேத்துக்கும் ஒரே நாள்ல ஒரே சொந்தக் காரணம். அப்படி என்ன காரணம் அம்மிணி, எல்லாரும் ஒட்டுக்கா ஓடிப் போனமா?

– பத்தொம்போதுன்னு உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?

– ஆபீசர் மேசையில கட்டாக் கெடந்துச்சு. அவரு கேட்டது என்னோடது ஒண்ணுதான். உங்க ஸ்கூலு எல்லாத்தையும் நகல் எடுத்து அனுப்பியிருக்குது. ஊர் முச்சூடும் எங்க மானத்த வாங்கறதுக்கு. அனுப்புனது ஆரு?

– நாந்தானுங்க.

– நெனைச்சேன். அவரு போன் பேசறதுக்குள்ள ஒவ்வொரு பேராப் படிச்சுப் பார்த்தேன். உன்ற பேரு மட்டும் இல்ல. ஜூன்ல எங்களோட நீயும் கையெழுத்துப் போட்ட, நான் கண்ணால பார்த்தேன். உன்னோடது எங்க?

– எடுத்துட்டனுங்கக்கா.

– எடுத்துட்டயா.

– கட்டு எங்கிட்டத்தான இருந்துச்சு. அடியில கெடந்துச்சு. மேனேஜரு எண்ணிப் பார்க்க மாட்டாருன்னு தெரியும். உருவிக் கொண்டாந்து அடுப்புல போட்டுட்டேன். பயமா இருந்துச்சுங்க.

– நல்லாருக்குது. உன்னோடது அடுப்புக்கு, எங்களோடது ஆபீசருக்கு. எத்தன நாளு உனக்கு சோத்துப் பொட்டி தொறந்து குடுத்திருப்பேன் நானு. உன்ற புள்ளைக்கு அம்மை போட்டப்ப வேப்பந்தழை ஒடிச்சுக்கிட்டு வந்தவ நானு.

– நீங்க அடிச்சாலும் வாங்கிக்கறனுங்கக்கா.

– உன்ன அடிச்சா எனக்கு அந்த மூணு மாசம் வருமா? கோழிப்பண்ணைக்குப் போலாம்னா முட்டை அட்டை தூக்கத் தோளு வரமாட்டீங்குது. என்ற மைதிலி நர்சிங்கு கடைசி வருசம். இன்னும் மூணே மாசம், பரீட்சை எழுதிப்போட்டா அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிருவா. அந்த மூணு மாசத்தத்தான் நான் கேட்டேன். வேற ஆரு சொத்தையும் கேக்கல. ஆபீசரு, “நீங்களா நிக்கலைங்கறதுக்கு எதாச்சும் இருந்தா வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாங்கம்மா, இல்லீன்னா மனுவத் தள்ளுறதத் தவிர வழியில்ல”ன்னாரு. என்ற கையெழுத்த வெச்சுக்கிட்டே நான் என்னத்தக் கொண்டு போக?

– வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு இருக்குதுங்கக்கா.

– கேட்டுக்க, இன்னொண்ணும் இருக்குது. அந்தக் கட்டுல காத்தான் அண்ணன் கடுதாசியும் இருக்குது.

– பார்த்துட்டீங்களா?

– பார்த்தேன். கேட் வாட்ச்மேன் காத்தான். பொங்க கழிஞ்சு நாலாம் நாளு செத்தாரு. நம்ம பஸ்ஸுலதான் எல்லாரும் எழவுக்குப் போனோம். தாளாளரு மாலை போட்டாரு, நீ பக்கத்துல நின்னு போட்டோ எடுத்த. அந்த மனுசன் ஏப்ரல் முப்பதாந் தேதி எந்திரிச்சு வந்து, சொந்தக் காரணம்னு வேலைய விட்டாராக்கும்? செத்தவன் பேருன்னு கூடப் பார்க்காமத் தேதிய இழுத்து வெச்சிருக்கறயே, குருடியா நீ? அதப் பார்த்ததும் எந்திரிச்சு வந்துட்டேன்.

– ஆபீசர்கிட்ட அதச் சொல்லலீங்களா?

– என்னத்தச் சொல்றது? செத்தவனையும் சும்மா உடலீங்கன்னு அவர்கிட்ட அழுவறதா?

– அக்கா, இப்ப உக்காருங்க. நின்னுக்கிட்டாச்சும் கேளுங்க. செத்தவரு கையெழுத்துப் போட முடியுமுங்களா?

– அதெப்படி முடியும்?

– ஆனாக் கையெழுத்து இருக்குது, அவரோடதுதான். அப்ப எப்பப் போட்டிருப்பாரு?

– நம்ம எல்லாத்தோடவும். ஜூன்ல.

– அப்ப அந்தத் தேதி?

– பொறவு வேற ஆரோ… நீ போட்டது.

– அவ்வளவுதானுங்க. காத்தான் அண்ணன் கடுதாசியில தேதி பின்னால போட்டதுன்னா, அதே எழுத்துல, அதே பேனாவுல, அதே நாளப் போட்டிருக்கற உங்க கடுதாசியிலயும் அப்படித்தான். வேலைக்குச் சேரறப்பவே வாங்கி வெச்ச பேப்பரு. நீங்களா நின்னீங்கங்கறதுக்கு அது ஆதாரமே ஆகாது. ஒண்ணு உழுந்தா பத்தொம்போதும் உழுவுமுங்க.

– அவரு எப்பச் செத்தாருன்னு நான் எப்படிக் காட்டறது? அவரு சம்சாரம் ராசம்மாக்கா ஊட்டுக்குப் போய் சர்ட்டிபிகேட்டு குடுன்னு நிக்கறதா? புருசன் போட்டோவப் பார்த்தாலே அழுவறா அவ.

– கேக்கவே வேண்டாமுங்க. மாசாமாசம் ஸ்கூல்ல இருந்து இஎஸ்ஐக்கு ஒரு கணக்குப் போகும், கம்ப்யூட்டர்லயே. ஒவ்வொரு பேருக்கு நேராவும் இத்தன நாளு வேலைன்னு போடோணும். ஒரு நாளும் வரலீன்னா, ஏன் வரலீன்னு இன்னொரு கட்டத்துல போடோணும், இல்லீன்னா கணக்கே ஏறாது. பிப்ரவரிக் கணக்குல காத்தான் அண்ணன் பேருக்கு நேரா இறந்துட்டாருன்னு பதிஞ்சிருக்குது. அது அந்த ஆபீசர் கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்கக்கா. பேர அடிச்சாருன்னா வந்துரும்.

– அதப் பதிஞ்சது?

– நாந்தானுங்க.

– ஆபீசரு அதோட உட்டுருவாரா?

– ஸ்கூலக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. தேதி ஆரு எழுத்துன்னு கேப்பாங்க.

– கேட்டா?

– என்னோடதுன்னு சொல்லுவேன். மேனேஜரு சொல்லி எழுதுனன்னும் சொல்லுவேன்.

– உன்ற வேலை போயிருமே.

– போகுமுங்க. அப்புறம் நானும் மனுப் போடோணும். அந்தக் கம்ப்யூட்டர் கடை எங்கன்னு நீங்கதான் காட்டோணும்.

– சிரிக்காத. என்ற கோவம் இன்னும் எறங்கல. ஏப்ரல்ல தேதி போட்டவ, ஆடி பொறக்கற வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப நான் வந்து வாசல்ல நின்னதும் நல்லவளாட்டப் பேசற.

– ஆராச்சும் ஒருத்தரு மனுப் போட்டாத்தானுங்கக்கா அந்தக் கட்டு ஸ்கூல விட்டு வெளிய போகும். பத்தொம்போது பேத்துல நீங்க ஒருத்தர்தான் போட்டீங்க.

– பூசி மொழுகாத அம்மிணி. வெள்ளிக்கெழமை நான் போறேன், கேக்கறேன், அது வேற. ஆனா இதுக்காக உனக்குக் கும்புடு போடுவன்னு நெனைக்காத. நீ கண்ணு தெரியாம ஒரு தப்புப் பண்ணிப்போட்ட. அது என்ற நல்ல காலம். உன்ற நல்ல மனசு இல்ல.

– தப்புங்களா?

– பின்ன? தெரிஞ்சே எவளாச்சும் செத்தவன் ராஜினாமாவுல தேதி போடுவாளா?

– என்ற பேப்பர உருவத் தெரிஞ்சவளுக்கு, அதுக்கு மேலயே இருந்த காத்தான் அண்ணனோடத உருவத் தெரியாதுங்களாக்கா?