பல்லுக்காக ஒரு விரதம்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் டிக்கெட்டுக்காகப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண், தன்னோடு வந்த அக்காவிடம் சொன்னாள்:

"நேத்து இவர் என் கிளாசை வாங்கிச் சாயா குடிச்சாரு அக்கா. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"புருஷன் சாயா குடிச்சதுக்கா அழுதே?"

"ரெண்டு மாசமா இவருக்குக் காலையில துப்பினா ரத்தம். நெஞ்சுல சீக்குன்னு அவரே முடிவு பண்ணி, தனி கிளாஸ், தனிப் பாய்னு ஒதுங்கிட்டாரு."

"டாக்டர்கிட்டப் போகலியா?"

"பயம். நான்தான் இழுத்துட்டுப் போனேன். படம் எடுத்துப் பாத்து, நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு பல் டாக்டரம்மாகிட்ட அனுப்பினாங்க. ஈறுதான் வீங்கிப் புண்ணாயிருக்காம். என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல? கார்ப்பரேஷன்ல ரோடு கூட்டி முடிச்சதும் எண்ணெயில பொரிச்ச வாழைப்பழம், அந்தப் பழம்பொரி நாலு, சர்க்கரை கூட்டி மூணு சாயா. ராத்திரி பொரோட்டா. கீரை, காய் கண்ணால பாக்கமாட்டாரு. அதுவும் ஈறு வீக்கத்தைக் கூட்டுமாம். பல்லைச் சுத்தம் பண்ணி, வாயையும் கட்டச் சொன்னாங்க. இப்ப ரத்தம் நின்னுருச்சு."

"பழம்பொரியை விட்டுட்டாரா?"

"தொடறதில்ல. சாயாக்கடைச் சேட்டன், 'எந்தா, சபரிமலைக்கு மாலயிட்டோ?'ன்னு கேட்டாராம். 'இல்ல சேட்டா, இது பல்லுக்கு விரதம்'னாராம் இவர்."

இருவரும் சிரித்தார்கள். முகம் தெரியாத அந்த மனிதருக்காக நானும் மனதுக்குள் பகவானுக்கு நன்றி சொன்னேன்.

"சரி, கைப்பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"அவர்கிட்டதான். ரெண்டு மாசமா தொடாத பிள்ளையாச்சே அக்கா, கீழ இறக்கவே மாட்டேங்கறாரு."