கூலன்ட் டேங்கை மாற்றியது நான்தான்

பழைய காருக்கு உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு ஐயா. இந்தக் கூலன்ட் டேங்குக்காக ஏழு கடை ஏறி இறங்கினேன். மாமனாருக்காக இவ்வளவு அலைந்த மருமகனைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். பரவாயில்லை, நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது.

காருக்கு வயது பத்தொன்பது. எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம் நிற்கிற அந்த பிளாஸ்டிக் டேங்கின் மேல்பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், நான்கு வருடமாக. அதனால் திரவம் குறைந்துகொண்டே இருக்கும். மாமனார் எங்கே வண்டியை நிறுத்தினாலும் உடனே பானட்டைத் தூக்குவார். வெறுங்கையால் மூடியைத் திருகி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, தண்ணீர் ஊற்றுவார். சூடாக இருக்கும்போது திறக்காதே என்று மூடியிலேயே அச்சடித்திருக்கிறது. அதெல்லாம் எங்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு.

"ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். ஒண்ணும் ஆகாது, தள்ளுங்க மாப்ள" என்பார்.

ஒன்றும் ஆகவில்லைதான். உள்ளே சேர வேண்டிய அழுத்தமெல்லாம் விரிசல் வழியாகப் போய்விட்டால் என்ன ஆகும்? அவர் அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்ப்பவன் நான். அடைத்து வைத்த வெந்நீரைத் திடீரென்று திறந்தால் அது என்ன செய்யும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அந்த வேலைக்காகத்தான் அவர் எனக்கு 'சுடுதண்ணி மாப்ள' என்று பெயர் வைத்தார். சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வார், என் மேலதிகாரி முன்னால் சொல்வார். எல்லாம் வாங்க, போங்க என்றுதான். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில், அவளுடைய டீச்சரிடம் என்னை அப்படியே அறிமுகப்படுத்தினார். டீச்சர் சிரித்தார். என் மகளும் சிரித்தாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும். ஆனாலும் வலித்தது.

அந்த வாரம்தான் டேங்க் தேட ஆரம்பித்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் ஐயா.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது மாற்றினேன். புது டேங்க், புது மூடி, குழாய்களுக்குப் புது கிளிப். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசியவில்லை. வேலை சுத்தம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டேங்க் வெள்ளைவெளேரென்று பக்கத்துப் பாகங்களோடு ஒட்டாமல் இருந்தது. கொஞ்சம் கிரீஸில் புழுதியைக் குழைத்து டேங்க்மேலும் மூடிமேலும் பூசினேன். எதையும் பாந்தமாகச் செய்தால்தான் எனக்குத் திருப்தி.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு ஐயா. நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்? என் மனைவியையே கேளுங்கள்.

மறுநாள் காலை எல்லோரும் மலைமேல் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். இரண்டு மணி நேர ஏற்றம். சூட்டைக் காட்டும் முள் நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஆடாமல் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா மாப்ள, ஓட்டுற விதத்துல ஓட்டுனா வண்டி பேச்சு கேக்கும்" என்றார். நான் ஆமாம் மாமா என்றேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை.

உச்சியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தி, வழக்கம்போல பானட்டைத் தூக்கினார். மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, பலமாகத் திருகினார்.

இரண்டு கண்ணும் போய்விட்டது என்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்திருக்கிறோம். அவர் கட்டிலில் விரிக்கும் துணியை நான்தான் தனியாக எடுத்து வெளுத்து அனுப்புகிறேன். வேறு எந்த மருமகன் செய்வான்?

ஓட்டை டேங்கை மாற்றியது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இப்படி ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாத்தா மூடியைத் திறக்கும்போதெல்லாம் என் மகளும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் அவளைப் பின் சீட்டிலேயே உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேன்.