மிஸ்ஸியின் பிளாஸ்திரி

காலரா பரவிய மாதம். லூனாஸ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி ஒருத்தியும் அவள் அக்காளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் காலரா ஊசியே போட்டுக்கலக்கா. வெறும் பிளாஸ்திரிதான் ஒட்டிக்கிட்டேன்,” என்றாள் மிஸ்ஸி.

“ஏன்டி? தோட்டத்துக்கே நீதானே போட்டே?”

“போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குமேன்னு பயம். ஆனா நான் மொதல்ல போட்டுக்கிட்டாத்தான் லயத்து வீடுங்கள்ல இருக்கிற சனங்க கை நீட்டுவாங்க. அதான் பிளாஸ்திரி.”

“சரி விடு, யாருக்கும் தெரியாதுலா.”

“ஆயாக்கொட்டகையில பிள்ளைங்கள பாத்துக்கிற அஞ்சலை, நான் ஊசி இல்லாம ஒட்டிக்கிறத பாத்துட்டா. ‘எனக்கும் பிளாஸ்திரி மட்டும் போதும் மிஸ்ஸி’ன்னா. ஒட்டிவிட்டேன்.”

“இப்ப அவ எங்க?”

“பெரியாஸ்பத்திரியில, காலராவோட. ஊசி போட்டியான்னு டாக்டர் கேட்டாராம். என்னைக் காட்டிக்குடுக்கலக்கா. ‘மிஸ்ஸி போட்டாங்க’ன்னு சொல்லிட்டா.”