வரவில்லை என்று எழுதிய கை

முதுகு நோக நோக இரண்டு மணி நேரமாக இந்த அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே! என் வலப்பக்கம் அமர்ந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் சங்கத்தின் மருத்துவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் செயற்குழுத் தோழர்களே! மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் சீருடைத் தொழிற்சாலையின் மேலாளர் அவர்களே! வாரம் முழுக்க உழைத்து, கிடைத்த ஒரே விடுமுறை நாளையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்கள் வருகிறார்கள் என்பதற்காகவே கிளம்பி வந்த தந்தைமார்களே! இவர்கள் எல்லோருக்கும் முன்னால், மேடைக்குக் கீழே, முதல் வரிசையின் ஓரத்தில், நடைபாதையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் காஜாக்கா அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் களைத்துப்போன ஒருத்தியின் கனிந்த வணக்கம்.

களைத்துப்போன ஒருத்தி என்றேன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்துவிட்டேன். அதற்கு முன்னால் முப்பது ஆண்டுகள் செவிலி. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப்பேருடைய கையில் முதல் ஊசியைக் குத்தியவள் நான்தான். அதனால்தானே என் சொந்தப் பெயரை மறந்துவிட்டு எல்லோரும் ஊசியக்கா, ஊசியக்கா என்கிறீர்கள்? அங்கே பின்வரிசையில் ஒருவர் கையைத் தடவிப் பார்க்கிறார். பயப்படாதீர்கள் தம்பி, இன்று ஊசி கொண்டுவரவில்லை. வார்த்தை மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன். அதில் கொஞ்சம் வலிக்கும். உங்களுக்கல்ல, எனக்கு.

இன்றைய நிகழ்ச்சிநிரலில் என்ன அச்சிட்டிருக்கிறது? புதிய தலைவர் தேர்வு. தலைமையாசிரியர் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார், ஊசியக்கா தலைவராகிறார், ஏற்புரை வழங்குகிறார். இதுதான் அந்த ஏற்புரை. ஏற்புரைக்கு முன்னால் ஒரு ஒப்புதலுரை இருக்கிறது. அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பதாகையைப் பாருங்கள். "எல்லோருக்கும் எட்டும் மருத்துவம்." எவ்வளவு அழகான வாசகம்! அதை எழுத நாங்கள் மூன்று கூட்டம் போட்டோம். நம் அலுவலக வாசலிலும் இதே வாசகம்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த வாசல் எங்கே இருக்கிறது? சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மாடியில். எத்தனை படி? பதினேழு படி. கைப்பிடி உண்டா? கிடையாது. எல்லோருக்கும் எட்டும் மருத்துவத்தைப் பற்றிப் பேச, எல்லோருக்கும் எட்டாத மாடியில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் நாங்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன், இது வேறு சங்கத்தின் கதையாக இருந்திருந்தால்.

போன ஆண்டு இதே அரங்கில், இதே விளக்குகளின் கீழ், நீங்கள் எல்லோரும் கைதூக்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். செயற்குழுவில் மக்கள் பிரதிநிதி. படித்தவர்கள் மட்டுமே முடிவெடுக்கக் கூடாது, பாடுபடுகிறவர்களும் முடிவெடுக்க வேண்டும் என்று நான்தான் முழங்கினேன். நீங்கள் தேர்ந்தெடுத்தவர் காஜாக்கா. சீருடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவர். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அது அவர் கைவேலை. சர்க்கரை நோயில் இடது காலில் இரண்டு விரல்களை இழந்தவர். சமதரையில் நடப்பார். படி ஏறினால் புண் பிளந்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை, மாலை மூன்று மணிக்குச் செயற்குழு கூடும். வருகைப் பதிவேடு என் கையில் இருக்கும். தலைவர், வந்தார். மருத்துவர், வந்தார். செயலாளர், வந்தார். மக்கள் பிரதிநிதி? வரவில்லை. அடுத்த மாதம்? வரவில்லை. அதற்கடுத்த மாதம்? வரவில்லை. ஆறு மாதம், ஆறு முறை, என் கையாலேயே, என் பேனாவாலேயே, குண்டு குண்டான எழுத்தில் வரவில்லை, வரவில்லை என்று எழுதினேன்.

ஐந்தாவது மாதம் இதைப் பற்றியே ஒரு மணி நேரம் விவாதித்தோம். மக்கள் ஏன் வருவதில்லை? அவர்களுக்கு ஆர்வமில்லை என்றார் ஒருவர். விழிப்புணர்வு போதவில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் என்ன தீர்மானம் போட்டோம் தெரியுமா? மக்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பது எப்படி என்று மக்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்துவது. ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவள் நான்.

ஏழாவது மாதம் என் முழங்கால் மக்கர் செய்தது. எனக்கும் வயது அறுபத்தெட்டு. மாடிப்படியின் கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். அன்றுதான் அந்தப் பதினேழு படியும் என் கண்ணில் பட்டன. பத்தொன்பது ஆண்டுகள் ஏறி இறங்கியவளுக்கு, கால் வலித்த பிறகுதான் அவை படிகளாகத் தெரிந்தன. நீங்கள் ஆரம்பியுங்கள், நான் மெதுவாக வருகிறேன் என்று மேலே சொல்லியனுப்பிவிட்டுச் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு மணியைத் தாண்டிச் சிறிது நேரம் இருக்கும். காஜாக்கா வந்தார். வந்து, தினமும் வருகிறவர்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"என்னக்கா, இன்னைக்காவது வரணும்னு தோணுச்சே?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எல்லா மாசமும் வர்றேனே ஊசியக்கா. ஷிஃப்ட் முடிச்சு நேரா இங்கதான் வர்றேன். இந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். யாராவது எறங்கி வருவீங்கன்னு பாப்பேன். நீங்க முடிக்கறதுக்குள்ள என் பஸ்ஸு வந்துடும்."

கடைக்காரரைப் பார்த்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு மூன்று முறை மேலே பார்த்துக் குரல் கொடுத்தாராம். காஜாக்கா வந்திருக்காங்க, காஜாக்கா வந்திருக்காங்க என்று கத்தினாராம். அப்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கீழே ஒரே இரைச்சலாக இருக்கிறது, கதவைச் சாத்துங்கள் என்று சொன்னது யார்? மருத்துவரா? இல்லை. தலைவரா? இல்லை. அன்புக்குரியவர்களே, அதுவும் நான்தான்.

அந்தச் சாத்திய கதவால் யாருக்கு எவ்வளவு தாமதமானது என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். மைக்கை அருகில் வைத்துப் பேசச் சொல்கிறார்கள். சரி. குரலும் களைத்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஜாக்கா எதைச் சொல்ல வந்தார்? அவர் வேலை செய்யும் கூடத்தில் இருநூறு பெண்கள். கழிப்பறைகள் நான்கு. நான்குக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவி மேற்பார்வையாளரின் இடுப்பில் தொங்கும். போக வேண்டுமானால் எழுந்து, இருநூறு பேர் பார்க்க, அவரிடம் போய்க் கேட்க வேண்டும். இப்போதுதானே போனாய் என்பார். இந்தத் துணிக்கட்டை முடித்துவிட்டுப் போ என்பார். பெண்கள் என்ன செய்வார்கள்? கேட்பதற்குக் கூசி, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தாகத்தை அடக்கினார்கள், தவிப்பை அடக்கினார்கள், வலியை அடக்கினார்கள்.

நாம் என்ன செய்தோம்? அதே கூடத்தின் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினோம். "தினமும் எட்டுக் குவளை தண்ணீர் குடிப்போம், நலமாய் வாழ்வோம்." குவளையும் கையுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். சிறந்த சுவரொட்டி என்று நமக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது. கண்ணாடி போட்டு மாடியில் மாட்டியிருக்கிறோம்.

அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழே இருக்கும் எந்திரத்தில் உட்கார்ந்து தைத்தவள் காஜாக்காவின் தங்கச்சி. வயது முப்பத்தொன்று. முதல் மாதம் காஜாக்கா அந்த பெஞ்சுக்கு வந்தபோது அவளுக்கு இருந்தது நீர்க்கடுப்பும் இடுப்புவலியும் மட்டும்தான். இரண்டாவது மாதம் காய்ச்சல். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று வலிமாத்திரையை விழுங்கி விழுங்கி ஓட்டினாள். நான்காவது மாதம் முகம் வீங்கி, எந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். கிருமி மேலேறி இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டிருந்தது. இன்று வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அவள் ரத்தத்தை ஓர் எந்திரம் கழுவிக்கொடுக்கிறது. முதல் மாதமே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நம் மருத்துவரைக் கேட்டேன். பத்து நாள் மாத்திரையில் சரியாகியிருக்கும் என்றார்.

பத்து நாள் மாத்திரை! பதினேழு படி! இறங்கி வந்திருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அரை நிமிடம் ஆகியிருக்குமா? சாத்திய கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? வரவில்லை என்று எழுதிய நேரத்தில் எட்டிப் பார்த்திருக்கலாமே! வராதவர் அவரா, நாமா?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். இது கைதட்ட வேண்டிய இடம் இல்லை.

அதன்பிறகு செயற்குழுவைச் சைக்கிள் கடையில் கூட்டினோம். கடைக்காரர் பழைய டயர்களை ஓரமாக அடுக்கி இடம் செய்து கொடுத்தார். காஜாக்கா தன் முதல் கூட்டத்தில் உட்கார்ந்தார். சாவியைப் பற்றித் தொழிற்சாலையிடம் போய்ப் பேச வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. உடனே எங்கள் முகமெல்லாம் வாடிவிட்டது. ஏனென்றால், ஊர் ஊராகப் போகும் நம் மருத்துவ வண்டி இருக்கிறதே, அது அந்தத் தொழிற்சாலை கொடுத்தது. கேட்கப் போய் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று மருத்துவர் கவலைப்பட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கவலை எங்கள் எல்லோருக்கும் இருந்தது, அவர் வாய்விட்டுச் சொன்னார். அதற்குக் காஜாக்கா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"வண்டி இருக்கட்டும் டாக்டர். ஆனா அந்த வண்டி எதுக்கு? எங்கள மயக்கம் போட வச்சு, அப்புறம் தூக்கிட்டுப் போகவா?"

குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, பதவி கொடுப்பது. காஜாக்காவைத் துணைத்தலைவராக்கிவிடலாம் என்றோம். அவர் நீட்டிய காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல சாவியப் பாருங்க. நாற்காலிய அப்புறம் பாத்துக்கலாம்."

பத்தொன்பது ஆண்டுகளில் எங்கள் செயற்குழுவில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மேலாளர் ஐயா, நீங்கள் எழுந்து போக நினைக்கலாம். கொஞ்சம் இருங்கள். உங்களை அவமானப்படுத்த நான் இதைப் பேசவில்லை. உங்களைவிட அதிகம் அவமானப்பட வேண்டியவர்கள் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் மேற்பார்வையாளரின் இடுப்புச் சாவியைப் பற்றிப் பேசும் தகுதி, எங்கள் கதவைத் திறந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. வண்டியை நீங்கள் திரும்பக் கேட்டால் தருகிறோம். நடந்து போய் ஊசி போட்ட காலமும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு கழற்றப்பட வேண்டும். இருநூறு பெண்கள் யாரையும் கேட்காமல் எழுந்து போக வேண்டும், யாரையும் கேட்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

நான் சோர்ந்துவிட்டேன், தாய்மார்களே. காஜாக்காவின் தங்கச்சிக்குப் போனது திரும்பி வராது. பூட்டு கழன்றாலும் வராது. இதை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த எந்திரத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்து தைக்கிறாள். அவளும் தண்ணீர் குடிப்பதில்லை. அவளுக்கு இப்போது இடுப்புவலி மட்டும்தான் என்று காஜாக்கா போன வாரம் சொன்னார். கேட்டீர்களா? இடுப்புவலி மட்டும்தான். பத்து நாள் மாத்திரைக்கான காலம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் களைத்த காலோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் பதவியை இன்று நான் ஏற்கவில்லை. அந்தப் பூட்டு கழலும்வரை அந்த நாற்காலி காலியாகவே கிடக்கட்டும். நாளை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில், தொழிற்சாலை வாசலில் நிற்கப்போகிறேன். காஜாக்கா நிற்பார். உட்கார ஒரு பெஞ்சைக் கொண்டுவருவதாகச் சைக்கிள் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இந்த மேடையில் இருக்கும் செயற்குழு முழுவதும் வர வேண்டும் என்பதுதான் என் ஒரே தீர்மானம். வருகைப் பதிவேட்டை நான் எடுத்து வருவேன். அதே பேனா, அதே குண்டு எழுத்து. யார் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கீழேயிருந்து குரல் கொடுத்த கடைக்காரருக்கும் என் நன்றி. வணக்கத்தை மட்டும் இங்கிருந்து சொல்ல மனம் வரவில்லை. இந்த மேடைக்கும் ஆறு படி இருக்கிறது. மருத்துவரே, உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள், முழங்கால் பிடித்துக்கொண்டது. காஜாக்கா, சித்த நகந்து உக்காருங்க. நான் கீழ வர்றேன்.