மூணாம் படுக்கையின் காலைப் படம்

— மெஷினை அங்கேயே நிறுத்துங்கண்ணே. மூணாம் படுக்கைக் குழந்தையை யாரும் தொடக் கூடாது.

— ஒரே ஒரு எக்ஸ்ரே, டாக்டரம்மா. முதுகுக்குக் கீழ பலகையை வெச்சு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடுவேன்.

— பலகை வெக்கணும்னா தூக்கணும். தூக்கினா என்ன ஆகும்னு நேத்து பார்த்தீங்கல்ல? ஆக்சிஜன் எழுபதுக்கு இறங்கிடுச்சு. உதடெல்லாம் நீலம். ஏழு மாசக் குழந்தைண்ணே!

— பார்த்தேன்மா. அந்த முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

— இதோ, இந்த ஸ்கேன் இருக்கு. குழந்தையை அசைக்காம விலாவுல வெச்சுப் பார்த்தேன். ரெண்டே நிமிஷம். வலது பக்கம் நுரையீரலைச் சுத்தித் தண்ணி. கறுப்பா, பட்டவர்த்தனமாத் தெரியுது.

— பெரிய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— காட்டாம? ஸ்கிரீனைத் திரும்பிக்கூடப் பார்க்கல மனுஷன். "வயித்துல பிள்ளை இருக்கான்னு பார்க்கற மெஷின் இது, நெஞ்சுக்கு எக்ஸ்ரேதான்"னார். சீ!

— அவர் அந்தக் காலத்து ஆளும்மா, விடுங்க.

— அந்தக் காலத்து ஆளா? போன வாரம் யாரோ பெரிய மனுஷங்க சுத்திப் பார்க்க வந்தப்போ, இதே மெஷின்மேல கையை வெச்சுக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரே! அவங்க வண்டி கிளம்பினதும் உறையைப் போட்டு ரூம்ல பூட்டிட்டார். சாவி வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— சரி, தண்ணின்னா ஊசி குத்தி எடுத்துடலாமேம்மா?

— அதைத்தான் கேட்டேன். இன்னைக்குக் காலையில நீங்க கொடுத்த எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடிச்சார். "பாரு, நேத்து மாதிரியே சுத்தமா இருக்கு. தண்ணியாம் தண்ணி! ஊசியைத் தொட்டா வேலை போயிடும்"னார். பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.

— சிரிச்சாங்களா?

— அவர் தும்மினாக்கூடக் கை தட்டற கூட்டம்ண்ணே அது. நான் மட்டும் என்ன யோக்கியம்? 'வலது பக்கம் தண்ணி'ன்னு நோட்ல எழுதியிருந்ததை நானே அடிச்சுட்டேன். என்னை நினைச்சாலே அருவருப்பா இருக்கு.

— ஐயோ, அடிச்சுட்டீங்களா?

— அடிச்சுட்டேன். வெளியில குழந்தையோட அம்மா, கதவு திறக்கறப்பல்லாம் எழுந்து எழுந்து நிக்குது. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறேன். மூச்சுக்குழாய் போட்டும் ஆக்சிஜன் ஏற மாட்டேங்குது. ஊசியை எடுக்கறேன், திரும்ப வெச்சுடறேன். ஒருவேளை படம்தான் சரியோ, நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோ...

— அதனாலதான் கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு படம் எடுத்துடறேன்மா.

— அதான் காலைப் படம் இருக்கே! இப்போ இன்னொண்ணு எடுக்கச் சொல்லி யார் எழுதினது?

— யாரும் எழுதல.

— பின்னே எதுக்குண்ணே இங்க வந்து நின்னு உயிரை வாங்கறீங்க?

— காலையில அந்தக் குழந்தையைத் தூக்க எனக்கு மனசு வரலம்மா. நேத்து எடுத்த படத்துக்கே இன்னைக்குத் தேதி போட்டுக் கொடுத்துட்டேன்.